காலையில் மக்கர் பண்ணும் மாருதி

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஸ்டார்ட்டிங் தொல்லையும், டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்பும்தான் அதிகம். எல்லாமே வயதான வண்டிகள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னிடம் 1997 மாடல் மாருதி 800 இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி, அப்பா வாங்கியது. தினமும் எடுத்தால் தொந்தரவே இல்லை. இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு எடுத்தால், செல்ஃப் அடித்து அடித்து பேட்டரியே இறங்கிவிடுகிறது. ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் அன்று முழுக்கத் தொட்டவுடன் ஸ்டார்ட். பம்பு போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் இங்குள்ள மெக்கானிக். மாற்றிவிடலாமா? (வாசகர், திண்டுக்கல்)

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பம்பு நிஜமாகவே போயிருந்தால், ஸ்டார்ட் ஆன பிறகும் வண்டி ஒழுங்காக ஓடாது. சிறுமலை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதிக்கும்போது திக்கித் திக்கி இழுக்கும், நெடுஞ்சாலையில் வேகம் எடுக்கும்போது அடங்கிப்போகும். உங்கள் வண்டி நாள் முழுக்க நன்றாக ஓடுகிறது. ஆக, பெட்ரோலைத் தள்ளும் வேலையைப் பம்பு செய்துகொண்டுதான் இருக்கிறது. வண்டி நிற்கும்போது பெட்ரோலைப் பிடித்துவைக்கும் வேலைதான் எங்கோ நடக்கவில்லை. பட்டறைக்கு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, எப்போது ஸ்டார்ட் ஆகவில்லை என்பதைத்தான். காலையிலா, மத்தியான வெயிலிலா, நாலு நாள் நின்ற பிறகா? பானட்டைத் திறப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

உங்கள் வண்டியில் இருப்பது மெக்கானிக்கல் பம்பு. கேம் ஷாஃப்ட் சுற்றும்போது ஒரு சின்னத் தண்டு பம்பின் நெம்புகோலைத் தள்ளும். அது உள்ளே இருக்கும் டயாபிரத்தை, அதாவது மெல்லிய ரப்பர் சவ்வை, இழுத்து விடும். உள்ளே வரும் வழியில் ஒரு வால்வு, வெளியே போகும் வழியில் ஒரு வால்வு. அவ்வளவுதான் அதன் சங்கதி. டேங்க் பின்னால் தாழ்வாக இருக்கிறது, எஞ்சின் முன்னால் உயரத்தில் இருக்கிறது. வால்வு சரியாக மூடாவிட்டால், அல்லது வழியில் எங்காவது காற்று புகுந்தால், லைனில் நிற்க வேண்டிய பெட்ரோல் மெதுவாக டேங்குக்கே திரும்பிவிடும். தெருவில் இருக்கும் அடிபம்பு வாஷர் தேய்ந்தால் என்ன ஆகும்? மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடித்தால்தான் இழுக்கும், இழுக்க ஆரம்பித்துவிட்டால் குடம் குடமாகக் கொட்டும். உங்கள் வண்டியிலும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. கார்புரேட்டரின் ஃப்ளோட் அறையில், அதாவது காற்றோடு கலப்பதற்கு முன் பெட்ரோல் தங்கும் சின்னத் தொட்டியில் இருக்கும் பெட்ரோல், நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் ஆவியாகிக் குறைந்துவிடும். நல்ல பம்பு உள்ள வண்டிக்கும் இது உண்டு. அதனால் மூன்று நாள் நின்ற வண்டிக்கு ஐந்தாறு விநாடி செல்ஃப் அடிப்பதை நான் குற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை. அரை நிமிடம் அடித்தும் வரவில்லை என்றால்தான் தேட வேண்டும்.

எங்கே தேடுவது? மாருதி 800 கார்புரேட்டரில் ஒரு அருமையான வசதி இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. ஃப்ளோட் அறையின் பக்கவாட்டில் பொத்தான் அளவுக்கு ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். பெட்ரோல் மட்டம் அதில் தெரியும். வருடக்கணக்கான எண்ணெய் அழுக்கு அதன்மேல் படிந்திருக்கும். ஒரு துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மட்டம் கண்ணாடியின் நடுவாக்கில் நிற்க வேண்டும். வண்டியை மூன்று நாள் நிறுத்துங்கள். நான்காம் நாள் காலையில் சாவியைத் தொடுவதற்கு முன் இந்தக் கண்ணாடியைப் பாருங்கள்.

மட்டம் சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையா? அப்படியானால் பம்பை மறந்துவிடுங்கள். சோக் கேபிள் முழுக்க இழுக்கிறதா, கார்புரேட்டர் மேலே சோக் தகடு நிஜமாகவே மூடுகிறதா, பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். சாவியை ஆன் செய்யும்போது கார்புரேட்டரில் இருக்கும் சோலனாய்டு (கரண்டில் திறந்து மூடும் சின்ன வால்வு) ‘டிக்’ என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். அந்தச் சத்தம் இல்லையென்றால் ஐடிலுக்கு, அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடுவதற்குப் போகும் பெட்ரோல் அங்கேயே அடைபட்டு நிற்கிறது. அதன் ஒயர் கழன்றிருப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடி காலியாக இருந்தால் அடுத்த சோதனை. கார்புரேட்டருக்குள் போகும் ஹோஸைக் கழற்றி, ஊசி இல்லாத சிரிஞ்சால் அந்த வழியாகவே ஃப்ளோட் அறையில் பெட்ரோல் விட்டு, ஹோஸை மறுபடி மாட்டி கிளிப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்துக்கொண்டு தொடர்ந்து ஓடினால், பம்பு தள்ளுகிறது, ஆனால் நிற்கும்போது லைன் காலியாகிறது. பிடித்து, கொஞ்ச நேரம் ஓடி அணைந்தால், பம்புக்குப் பெட்ரோல் வரவில்லை அல்லது பம்பு தள்ளவில்லை. உங்கள் வண்டி முதல் வகையில்தான் வரும் என்று நினைக்கிறேன்.

அப்படி வந்தால், பம்பைக் கழற்றுவதற்கு முன் டேங்கிலிருந்து பம்புக்கு வரும் பக்கத்தைப் பாருங்கள். இதுதான் எல்லோரும் தவறவிடும் இடம். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் சொட்டும், வாசனை அடிக்கும், யாராவது சொல்லிவிடுவார்கள். டேங்க் பக்க ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் ஒரு சொட்டுக்கூட வெளியே வராமல் போகலாம். பம்பு இழுக்கும்போது காற்றுதான் உள்ளே போகும். ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள். வளைவின் வெளிப்புறத்தில் சிலந்தி வலைபோல் கோடுகள் தெரிந்தால் அந்த ஹோஸின் காலம் முடிந்தது. டூவீலர் ஸ்பேர் கடைகளில் உள்ளே தெரிகிற பெட்ரோல் ட்யூப் கிடைக்கும். அளவு பார்த்து ஒரு சாண் வாங்கி, பம்புக்குள் நுழையும் இடத்தில் தற்காலிகமாக மாட்டி, எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். விடாமல் குமிழி குமிழியாக ஓடினால் காற்று புகுகிறது. ஃபில்டரின் இரண்டு முனை, பின்னால் டேங்க் முனை என்று ஒவ்வொரு கிளிப்பாகப் போங்கள். முன்னூறு ரூபாய்க்குள் முடிகிற வேலைக்குப் பம்பு மாற்றுவானேன்?

ஹோஸ் எல்லாம் புதிது, குமிழியும் இல்லை, இருந்தும் லைன் இறங்குகிறது என்றால் அப்போது பம்பின் வால்வுதான். மாற்றலாம். மாற்றும்போது இரண்டு விஷயம். பம்புக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே சூடு கடத்தாத ஒரு தடிமனான துண்டு இருக்கும். அதை எடுத்தெறிந்துவிட்டு வெறும் பேக்கிங் வைப்பவர்களும் உண்டு, ஆயில் கசிகிறது என்று பேக்கிங்கின்மேல் பேக்கிங் வைப்பவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு. தடிமன் கூடினால் தண்டு நெம்புகோலைத் தள்ளும் தூரம் குறைந்து, புதுப் பம்பே பலவீனமாகத் தெரியும். எடுத்தெறிந்தால் எஞ்சின் சூடு நேராகப் பம்புக்கு ஏறும். அப்புறம், கடையில் வாங்கும்போதே நெம்புகோலை அழுத்திப் பிடித்து, உள்ளே வரும் குழாயை விரலால் அடைத்து, நெம்புகோலை விட்டு மறுபடி அழுத்துங்கள். விரலைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுக்காத பம்பைப் பெட்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. ஆயில் டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தாலோ, ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்தாலோ, டயாபிரம் கிழிந்து பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். பம்பின் அடியில் இருக்கும் சின்னத் துளையில் ஈரம் தெரிந்தாலும் அப்படித்தான். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள். நீர்த்துப்போன ஆயிலில் பேரிங் தேய்ந்துவிடும். பம்பு, ஆயில், ஆயில் ஃபில்டர் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள்.

இந்தச் சோதனைகளை எல்லாம் திறந்த வெளியில் செய்யுங்கள். ஹோஸைக் கழற்றி வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கக்கூடாது. பம்பின் வேகத்தைப் பார்க்கப் பாட்டிலில் பிடித்தே ஆக வேண்டும் என்றால், முதலில் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலின் ஒயரைக் கழற்றி விடுங்கள், நீளமான ஹோஸ் மாட்டிப் பாட்டிலை எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் தள்ளி வையுங்கள். பெட்ரோல் விட்டுவிட்டு வராமல் துடிப்புத் துடிப்பாகப் பலமாக விழ வேண்டும். தண்ணீர் பக்கெட் பெட்ரோல் தீயை அணைக்காது. மணலோ, தீயணைப்பு சிலிண்டரோ பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: பழைய மாருதி ஆம்னி வேன் வைத்திருக்கிறேன், கார்புரேட்டர்தான். மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழில். காலையில் ஒரு பிரச்சினையும் இல்லை. பகல் 12 மணிக்கு மேல் ஓர் அலுவலக வாசலில் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து வந்தால் ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி நேரம் விட்டால் ஆகிறது. பம்பு சூடானால் வேலை செய்யாதா? (வாசகி, வேலூர்)

வேலூர் வெயிலும் ஆம்னியும் சேர்ந்தால் இது நடக்கத்தான் செய்யும் அம்மா. ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கிறது. ஓடும்போது காற்று பட்டுச் சமாளிக்கும். நிறுத்தியவுடன்தான் சூடு ஏறும். எஞ்சினில் தேங்கிய சூடெல்லாம் பம்புக்கும் ஹோஸுக்கும் பரவி, உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பு திரவத்தைத் தள்ளும், ஆவியைத் தள்ளாது. சும்மா அடித்துக்கொண்டே இருக்கும்.

மறுபடி நடக்கும்போது இப்படிச் செய்து பாருங்கள். சீட்டைத் தூக்கி, ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பம்பின் மேலும் அதை ஒட்டிய ஹோஸின் மேலும் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர், ஒயர் பக்கம் தண்ணீர் படக்கூடாது. சில நிமிடங்களில் ஸ்டார்ட் ஆனால் பெட்ரோல் ஆவியாவதுதான் காரணம், பம்பு கெடவில்லை. ஹோஸ் சைலன்சர் குழாயை ஒட்டிப் போகிறதா என்று பார்த்துத் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். மேலே சொன்ன சூடு கடத்தாத துண்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா, கூலண்ட் மட்டம் சரியாக இருக்கிறதா என்பதும் முக்கியம்.

துணி போட்டும் வரவில்லை, பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைக்கிறது என்றால் விஷயம் நேர் எதிர். சூட்டில் ஃப்ளோட் அறை பொங்கி எஞ்சினுக்குள் அதிகப் பெட்ரோல் போயிருக்கிறது. அப்போது சோக்கைத் தொடாதீர்கள். ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்து, விடாமல் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விட்டால் இன்னும் பெட்ரோல்தான் பீய்ச்சும்.

வாசனையும் இல்லை, ஈரத்துணிக்கும் மசியவில்லை என்றால், சூடான அந்த நேரத்திலேயே பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய காயில் சூடேறினால் படுத்துவிடும், ஆறினால் எழுந்துவிடும். பம்பு பிரச்சினை மாதிரியே தோன்றும். சூட்டில் வரும் கோளாறை வண்டி ஆறிய பிறகு மாலையில் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மெக்கானிக்கை அந்த 12 மணிக்கு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: 2006 சான்ட்ரோ. காலையில் இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட். போன வருடம் பம்பு மாற்றினேன், இப்போது மறுபடியும் அதே தொல்லை. ஓட்டும்போதும் சில நேரம் இழுவை இல்லை. டூப்ளிகேட் போட்டுவிட்டார்களா? (வாசகர், நாகர்கோவில்)

இருக்கலாம், ஆனால் அதை மட்டும் சந்தேகப்படாதீர்கள். உங்கள் பம்பு டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் மின்சாரப் பம்பு. கார்புரேட்டர் வண்டியில் கால் கிலோ பிரஷர் இருந்தாலே போதும், கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் இந்த வகை வண்டிகளில் மூன்று கிலோ அளவுக்கு வேண்டும். அதனால் இங்கே சோதனை முறையும் வேறு.

நாளைக் காலையில் ஒரு காரியம் செய்யுங்கள். ரேடியோ, ஃபேன் எல்லாம் அணைத்துவிட்டு, சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்டு நிற்கும். ஆஃப் செய்து மறுபடி ஆன். இப்படி மூன்று முறை செய்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டால், இரவில் லைனின் பிரஷர் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். பம்பில் இருக்கும் தடுப்பு வால்வு, பிரஷர் ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர், மூன்றில் ஒன்று.

ஆனால் ஓட்டும்போதும் இழுவை இல்லை என்கிறீர்கள். அதுதான் என்னை வேறு பக்கம் யோசிக்க வைக்கிறது. பம்பு மாற்றியவர் பம்புக்கு வரும் கரண்டை அளந்தாரா? பின் சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, கனெக்டரில் மீட்டர் வைத்து, எஞ்சின் ஓடும்போது அளக்க வேண்டும். பேட்டரியில் இருக்கும் வோல்டேஜுக்கும் இங்கே வருவதற்கும் ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒயரிலோ எர்த்திலோ ரிலேயிலோ கோளாறு. நாகர்கோவில் கடல் காற்றில் எர்த் போல்ட் பச்சை பூத்துக் கிடப்பது சகஜம். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினாலே பம்பு பழைய வேகத்துக்கு வந்துவிடும். கரண்ட் சரியாக இருந்தால் மட்டும் பிரஷர் கேஜ் போட்டுப் பாருங்கள். கேஜ் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். காதால் கேட்டுப் பிரஷர் சொல்ல முடியாது.

அப்புறம் உங்களிடம் ஒரு கேள்வி. எப்போதும் 200 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு, ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டுகிறீர்களா? டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான் அந்த மோட்டாருக்குக் குளிர்ச்சி. அது குறைந்தால் பம்பு சூடாகும், டேங்க் அடியில் கிடக்கும் குப்பையையும் சேர்த்து இழுக்கும். கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள். புதுப் பம்பு போடுவதாக இருந்தால் டேங்கைக் கழுவி, ஜல்லடையையும் மாற்றித்தான் போட வேண்டும்.

கேள்வி: பழைய டாடா 407, காய்கறி லோடு அடிக்கிறேன். காலையில் கை பம்பை இருபது தடவை அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. (வாசகர், ஒட்டன்சத்திரம்)

டீசல் லைனில் ஏர் பிடிக்கிறது. டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் வால்வு, குழாயைப் பிடித்திருக்கும் பேஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர், ஃபில்டர் மூடியின் ரப்பர், டேங்கிலிருந்து வரும் குழாய், இந்த நாலு இடம்தான். ஓர் இரவு வண்டியை முகம் மேட்டைப் பார்க்க நிறுத்துங்கள், மறுநாள் முகம் பள்ளத்தைப் பார்க்க நிறுத்துங்கள். மேட்டில் நின்றால் எஞ்சின் டேங்கைவிட உயரத்தில் இருக்கும், டீசல் பின்னால் இறங்கும். அப்போது மட்டும் தொல்லை அதிகம் என்றால் லைன் பிடித்து நிற்கவில்லை என்பது உறுதி. செம்பு வாஷரை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிதாகப் போடுங்கள். பழையதையே முறுக்கி இறுக்கினால் போல்ட்தான் வீணாகும். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பெரிய பம்பைச் சோதனை மேடைக்கு (டெஸ்ட் பெஞ்சுக்கு) அனுப்பச் சொன்னால், இதையெல்லாம் முடித்துவிட்டு யோசிக்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டிப் பம்பைக் கெடுக்குமா? (வாசகர், தஞ்சாவூர்)

பழைய ரப்பரைக் கெடுக்கும். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1990களில் செய்த வண்டியின் டயாபிரமும் ஹோஸும் அதற்காகச் செய்தவை இல்லை. ஊறி உப்பும், பிறகு காய்ந்து வெடிக்கும். டேங்கில் பல வருடமாகப் படிந்த கசடையும் எத்தனால் கரைத்துக் கிளப்பிவிடும், அதனால் தொடக்கத்தில் ஃபில்டர் அடிக்கடி அடைக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கலாம், பம்பு இழுப்பது அந்த அடியிலிருந்துதான்.

வண்டியை விற்க வேண்டியதில்லை. ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகையில் மாற்றுங்கள், பம்பு வாங்கும்போதும் அதைக் கேட்டு வாங்குங்கள். ஃபில்டரை முதல் ஒரு வருடம் பாதி இடைவெளியிலேயே மாற்றுங்கள். வாரம் ஒருமுறையாவது வண்டியை எடுத்து, எஞ்சின் முழுச் சூடு ஏறும்வரை ஓட்டுங்கள். வாசலில் நிறுத்தி ஐந்து நிமிடம் உறுமவிடுவது போதாது.